அலை கரையை எப்படி அரிக்கிறது, எப்படி ஆக்குகிறது? கொங்கு நாட்டிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புவியியல் நடத்தும் ஆசிரியர்கள், குளத்துக்கரையைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கட்டுக்காரர்கள் (குளத்துப் பாசன நிலக்காரர்கள்), திருச்செந்தூருக்கும் ராமேசுவரத்துக்கும் போய்வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். கடலைப் பற்றிய பதில்கள் முதலில் வருகின்றன. குளத்துக்கரைக்கான வேலை விவரம் பின்பகுதியில் இருக்கிறது. குளம் மட்டும் வேண்டியவர்கள் நேராக அங்கே போகலாம். ஆனால் "அலை என்றால் தண்ணீர்தானே நகர்கிறது?" என்ற பதிலை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

கடலே இல்லாத கொங்கு நாட்டுக்கு இது எதற்கு?

நம் ஆறுகள் இரண்டு கடலுக்கும் மணல் கொண்டுபோகின்றன. பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் காவிரியில் கலந்து கிழக்கே வங்கக் கடலுக்குப் போகின்றன. பொள்ளாச்சிப் பக்கத்து ஆழியாறு மேற்கே திரும்பிப் பாரதப்புழையோடு சேர்ந்து பொன்னானியில் அரபிக் கடலை அடைகிறது. வெள்ளியங்கிரியிலும் ஆனைமலையிலும் நீலகிரியிலும் உடைந்த பாறைதான் இரண்டு கரையிலும் மணலாகக் கிடக்கிறது. கடற்கரை என்பது மணலின் வரவு செலவுக் கணக்கு. அந்தக் கணக்கில் வரவு எழுதும் இடம் நம்முடையது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆடிக்காற்றில் நம் குளத்துக்கரையைத் தின்பதும் இதே அலைதான். அளவு சிறியது, விதி ஒன்றே.

அலை என்றால் தண்ணீர்தானே நகர்கிறது?

ஆழ்கடலில் நகர்வது ஆற்றல்தான். தண்ணீர் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே வட்டமடிக்கிறது. நெல் வயலில் காற்றடித்தால் கதிர்கள் அலையலையாகச் சாய்வது தெரியும், ஆனால் ஒரு பயிரும் வரப்பைத் தாண்டிப் போவதில்லை. அதைப் போலத்தான்.

அந்த வட்டம் கீழே போகப்போகச் சுருங்கும். அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குக் கீழே அசைவு அனேகமாக இல்லை. அலைநீளத்தைக் கணக்கிட எளிய வழி: ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ணுங்கள், அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, வந்ததை 1.56 ஆல் பெருக்குங்கள். 8 நொடி அலைக்கு நீளம் சுமார் 100 மீட்டர். ஆகவே 50 மீட்டர் ஆழத்திலேயே அது தரையைத் தொட்டுவிடும். நம் குளத்தில் ஒன்றரை நொடிக்கு ஒரு அலை வந்தால் நீளம் மூன்றரை மீட்டர். தரையைத் தொடும் ஆழம் இரண்டு மீட்டருக்கும் குறைவு. இந்தப் பாதி நீளக் கணக்கை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கரைக்கு வந்ததும் அலை ஏன் உடைகிறது?

தரை தட்டியதும் அலையின் வேகம் குறைகிறது. பின்னால் வருவது நெருங்குவதால் அலை உயர்ந்து செங்குத்தாகிறது. அலையின் உயரம் அந்த இடத்து நீராழத்தில் முக்கால் பங்கை எட்டும்போது முகடு தாங்காமல் முன்னே கவிழ்கிறது. ஒரு மீட்டர் அலை சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். எனவே, அலை உடையும் இடத்தைக் கரையில் நின்றே பார்த்து அங்கே எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிடலாம்.

உடையும்வரை தண்ணீர் வட்டமடித்தது; உடைந்த பிறகு உண்மையாகவே முன்னே பாய்கிறது. அரிப்பதும் மணலைச் சுமப்பதும் பெரும்பாலும் உடைந்த பிறகான இந்தக் கடைசித் தூரத்தில்தான்.

இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது?

காற்றிலிருந்து. அலையின் அளவை நிர்ணயிப்பவை மூன்று: காற்றின் வேகம், அது எவ்வளவு நேரம் அடித்தது, எவ்வளவு தூரம் தடையில்லாமல் நீர்மேல் ஓடியது. மூன்றாவதைக் காற்றோடு தூரம் என்று வைத்துக்கொள்வோம்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரு மீட்டர் உயரமும் 8 நொடி இடைவெளியும் உள்ள அலை, கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 10 எச்.பி. மோட்டார் அளவு சக்தியைக் கொண்டுவருகிறது. அதே அலை இரண்டு மீட்டர் உயர்ந்தால் 20 எச்.பி. ஆகாது, 40 எச்.பி.க்கு மேல் போகும். உயரம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்கு. ஆண்டு முழுக்க அடிக்கும் சிறு அலைகள் செய்யாததை ஒரு புயல் இரண்டே இரவில் செய்துவிடுவதற்குக் காரணம் இதுதான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். அங்கே அலையோடு புயல் தள்ளிவந்த நீர்மட்ட உயர்வும் சேர்ந்துகொண்டது. மட்டம் உயர்ந்தால் அலை உடையும் இடமே ஊருக்குள் வந்துவிடும்.

தண்ணீர் பாறையை எப்படி உடைக்கும்?

தனியாக உடைப்பது கடினம். விரிசல் இருந்தால் உடைக்கும்.

கல் உடைப்பவர் பாறையில் வரிசையாகக் குழி போட்டு ஆப்பு அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலை வந்து மோதும்போது விரிசலுக்குள் இருக்கும் காற்று அகப்பட்டு நசுங்குகிறது. அந்தக் காற்றுதான் ஆப்பு. அலை பின்வாங்கியதும் நசுங்கிய காற்று சட்டென்று விரிந்து, தளர்ந்த துண்டை வெளியே தள்ளுகிறது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான அடி. இதை நீர்விசை அரிப்பு என்பார்கள்.

அடுத்தது உராய்வு. வெறும் தண்ணீரைவிட மணலும் கூழாங்கல்லும் கலந்த தண்ணீர் பல மடங்கு அரிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போல. பாறையின் அடிமட்டத்தில் கிடைமட்டமாக ஒரு குடைவு விழுவது இதனால்தான். அரிக்கும் கற்களும் ஒன்றோடொன்று மோதித் தேய்ந்து உருண்டையாகின்றன. சுண்ணாம்புப் பாறையாக இருந்தால் கடல்நீர் கரைக்கவும் செய்யும். உப்பும் பாறைத் துவாரங்களில் புகுந்து காய்ந்து படிகமாகி, பாறையைப் பொரிப்பொரியாக உதிர்க்கும். கடலோரக் கோயில் கல்லில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் தெரிவது பெரும்பாலும் இந்த உப்பின் வேலை.

கடற்குகை, வளைவு, தூண் எல்லாம் எந்த வரிசையில் உண்டாகின்றன?

முதலில் அடியில் குடைவு. குடைவு ஆழமானதும் மேலே தொங்கும் பாறை தாங்காமல் இடிந்து விழுகிறது, முகம் பின்வாங்குகிறது. விழுந்த கல்லை அலை அள்ளிக்கொண்டு போனால்தான் அடுத்த குடைவு தொடங்கும். கல் அங்கேயே குவிந்து கிடந்தால் அதுவே சில காலம் காவலாகிவிடும். பாறை முகம் பின்னே போகப்போக, முன்னால் மட்டமான கல்தளம் ஒன்று விட்டுப்போகும். கடல் உள்வாங்கும் நேரத்தில் அது வெளியே தெரியும்.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் விரிசல் இருந்தால் அது குகையாகும். இரு பக்கமும் குடைந்து ஊடுருவினால் வளைவு. வளைவின் கூரை இடிந்தால் தனித் தூண். தூணும் ஒருநாள் விழும். ஆஸ்திரேலியாவில் "பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்" எனப்படும் சுண்ணாம்புத் தூண்களில் ஒன்று 2005 ஜூலையில் சரிந்தது.

எல்லாப் பாறையும் ஒரே வேகத்தில்தான் அரிக்குமா?

இல்லை. இங்கிலாந்தின் ஹோல்டர்னெஸ் கரை பனியாறு விட்டுச்சென்ற களிமண்ணால் ஆனது. ஆண்டுக்குச் சராசரி இரண்டு மீட்டர் அளவுக்குப் பின்வாங்குகிறது. கேரளத்தின் வர்க்கலையில் கடலோரக் குன்றின் முகம் மென்மையான படிவுப் பாறை. மழை நீர் உள்ளே ஊறி மேலிருந்தும், அலை குடைந்து கீழிருந்தும் சரிகிறது. கன்னியாகுமரி முனையில் இருப்பது சார்னோக்கைட் போன்ற மிகக் கெட்டியான பழம்பாறை. விவேகானந்தர் நினைவு மண்டபம் நிற்கும் பாறை கடலுக்கு நடுவே இன்னும் நிற்பது அந்தக் கெட்டியினால்தான். நம் சென்னிமலை, சங்ககிரிப் பக்கத்துப் பாறைகளும் அதே போலக் கெட்டியானவை. அவற்றைக் கடலோரத்தில் வைத்தால் ஒரு தலைமுறையில் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது.

முனை தேய்ந்து, குடா மண்ணால் நிரம்புவது ஏன்?

அலை ஆழம் குறைந்த பக்கம் மெதுவாகவும் ஆழமான பக்கம் வேகமாகவும் போவதால் வளைகிறது. வளைந்து முனையின் மூன்று பக்கமும் குவிகிறது. குடாவுக்குள் பரந்து பலம் இழக்கிறது. குவிந்த இடத்தில் அரிப்பு, பரந்த இடத்தில் படிவு. விட்டுவைத்தால் கரை மெல்ல நேராகும்.

மணல் கரையோடு பக்கவாட்டில் நகர்கிறது என்கிறார்களே, எப்படி?

அலை கரைக்குச் சாய்வாக வந்தால் மணலைச் சாய்வாக மேலே ஏற்றும். திரும்பும் நீர் சரிவின் போக்கில் நேராக இறங்கும். ஒவ்வொரு அலைக்கும் ஒரு மணல் துகள் ரம்பப் பல் போல மேலேறிக் கீழிறங்கிச் சற்று நகர்ந்திருக்கும். இதோடு, உடையும் அலைகளுக்கு உட்புறம் கரையோடு ஒரு நீரோட்டமும் ஓடும்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக் காலத்தில் மணல் வடக்கே போகும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்கில் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். இந்த ஒரு வரி தெரிந்தால் கிழக்குக் கரையின் பாதி வழக்குகள் புரிந்துவிடும்.

சென்னைத் துறைமுகத்தின் வேலை 1870களில் தொடங்கியது. அலைத்தடுப்புச் சுவர் கடலுக்குள் நீண்டதும், வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் தெற்குப் பக்கம் தேங்கியது. இன்றைய மெரினாவின் அகலம் அப்படிச் சேர்ந்ததுதான். வரவு நின்ற வடக்குப் பக்கம், ராயபுரம் தொடங்கி எண்ணூர் நோக்கி, கடல் உள்ளே வந்தது. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர் கட்டியபின் நகரத்தின் முன்னிருந்த மணற்கரை போய், வெறும் கல் குவியல் மிஞ்சியது. ஒரு பக்கம் பரிசாகத் தெரிவது இன்னொரு பக்கத்திலிருந்து எடுத்தது. கட்டும் முன்பே இதைக் கணக்கிட முடியும் என்பதுதான் எங்களுக்கு வருத்தம்.

திருச்செந்தூரில் போன தடவை மணலாக இருந்த இடம் இந்தத் தடவை ஆள் இறங்க முடியாத பள்ளமாக இருந்தது. கடல் ஊரைத் தின்கிறதா?

ஒரு முறை பார்த்ததை வைத்து முடிவு கட்ட முடியாது. சீற்றமான காலத்தில் உயரமான, நெருக்கமான அலைகள் கரை மேட்டின் மணலை வெட்டி எடுத்துக் கடலுக்குள் சற்றுத் தூரத்தில் திட்டாகப் போடும். கரையில் செங்குத்தான வெட்டு நிற்கும். பிறகு அமைதியான மாதங்களில் நீளமான, தாழ்ந்த அலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவரும். வெட்டுவதற்கு ஒரு நாள் போதும், நிரப்பப் பல வாரம் ஆகும்.

திட்டாகப் போன மணல் திரும்பினால் அது பருவ மாற்றம். பக்கவாட்டில் போய்த் திரும்பாவிட்டால் அதுதான் அரிப்பு. வித்தியாசம் தெரிய, ஒரே மாதத்தில், ஒரே இடத்தில், குறைந்தது ஐந்தாறு ஆண்டு பார்க்க வேண்டும். தரங்கம்பாடியில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டதே, அது இரண்டாம் வகை.

வெட்டு விழுந்திருக்கும் நாளில் அதன் விளிம்பில் நிற்காதீர்கள். ஈர மணல் செங்குத்தாக நிற்பது போலத் தோன்றும், மிதித்தால் பாளமாகச் சரியும்.

கரையோரம் நிற்பவரைக் கடல் இழுப்பது எதனால்?

அலை கொண்டுவந்து குவித்த நீர் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே தாழ்வான இடைவெளி கிடைத்தால் எல்லா நீரும் அந்த வழியே ஆறு போல ஓடும். நொடிக்கு இரண்டு மீட்டர் வேகம்கூட வரும். எந்த நீச்சல்காரரும் எதிர்த்து வெல்ல முடியாது. இரு பக்கமும் அலை உடைந்து வெண்மையாக இருக்க, நடுவே ஒரு பட்டை மட்டும் உடையாமல், கருத்து, அமைதியாகத் தெரியும். குளத்தில் பழகிய நம்மவர்கள் அந்த அமைதியான இடத்தைத்தான் தேர்ந்து இறங்குவார்கள். அங்கேதான் ஆபத்து.

சிக்கினால் கரையை நோக்கி நீந்த வேண்டாம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் 20, 30 மீட்டர் போனால் இழுப்பு விட்டுவிடும். பிறகு உடையும் அலையோடு கரைக்கு வரலாம். நீந்தத் தெரியாதவர் மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

மேட்டூர் அணையால்தான் பூம்புகார்ப் பக்கம் கரை அரிக்கிறதா?

அதனால் மட்டும் என்று சொல்ல முடியாது. அதற்குப் பங்கு உண்டு. 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின், மேலிருந்து வரும் பருமணல் தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. மெல்லிய வண்டலில் ஒரு பகுதிதான் மதகு வழியே தப்பிப் போகும். பவானிசாகரும் (1955) அமராவதியும் தங்கள் ஆறுகளில் அதையே செய்கின்றன. அணைக்குக் கீழே ஆறு மீண்டும் கொஞ்சம் மணல் சேர்த்துக்கொள்ளும். அந்த மணலையும் நாம் லாரியில் அள்ளிவிட்டால் கழிமுகத்துக்கு எதுவும் போய்ச் சேராது. டெல்டா மண் தன் பாரத்தால் தானாகவே மெல்ல அமிழும் இயல்புடையது. வண்டல் வந்துகொண்டே இருந்தால்தான் மட்டம் நிற்கும்.

அணை நமக்குச் சோறு போட்டது. அதன் செலவில் ஒரு பங்கைக் கடலோரத்தார் கொடுக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆற்றில் மீதமிருக்கும் மணலை விட்டுவைப்பது கொங்கு நாட்டவர் கையில் இருக்கிறது.

கடல் மட்டம் உயர்வது காரணம் இல்லையா?

காரணம்தான். 1900 முதல் இன்றுவரை உலகக் கடல்மட்டம் ஏறக்குறைய 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது, இப்போது ஆண்டுக்கு 3, 4 மி.மீ. வீதம் ஏறுகிறது. சரிவு குறைந்த கரையில் மட்டம் ஒரு செ.மீ. உயர்ந்தால் நீர்க்கோடு அதைப் போலப் பல மடங்கு உள்ளே நகரும். ஆனால் ஒரு குறிப்பிட்ட ஊரில் பத்தே ஆண்டில் 50 மீட்டர் போனது என்றால், முதலில் அருகே எந்தச் சுவர் கட்டினார்கள், எந்த முகத்துவாரத்தில் மணல் எடுத்தார்கள் என்று பாருங்கள்.

கல்லைக் கொட்டினால் நின்றுவிடாதா?

கொட்டிய இடத்தில் நிற்கும், அடுத்த ஊருக்கு நகரும். நேர்சுவரில் மோதிய அலை திரும்பும்போது அடிமணலைத் தோண்டிக்கொண்டு போகும். சுவருக்குப் பின்னால் வீடு தப்பும், சுவருக்கு முன்னால் மணற்கரை போய்விடும். மீனவர்களுக்குப் படகு ஏற்ற இடம் இருக்காது.

தூண்டில் வளைவு என்பது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் அணை. நகரும் மணலைப் பிடித்து ஒரு பக்கம் சேர்க்கும், மறுபக்கம் பட்டினி போடும். வரிசையாகப் பல கட்டினால், கடைசி வளைவுக்கு அப்பால் இருக்கும் ஊர்தான் எல்லாவற்றின் கடனையும் கட்டும். எங்கள் எண்ணத்தில் இவற்றைக் கட்டும்போதே, ஒரு பக்கம் சேரும் மணலை ஆண்டுதோறும் மறுபக்கம் எடுத்துப் போடும் செலவையும் திட்டத்தில் எழுதியாக வேண்டும். புதுச்சேரியில் மணல் நிரப்பியதோடு, 2018இல் கடலுக்கடியில் ஆப்பு வடிவ எஃகுத் தடுப்பு ஒன்றையும் வைத்தபின் நகரத்தின் முன் ஒரு பகுதியில் மணற்கரை திரும்பியது.

கல் எவ்வளவு கனம் வேண்டும்?

அலை உயரம் இரட்டித்தால் தேவையான கல்லின் எடை எட்டு மடங்காகும். இரண்டுக்கு ஒன்று சரிவில் (ஓரடி உயரத்துக்கு இரண்டடி படுகை), 20 செ.மீ. அலைக்கு ஒன்றிரண்டு கிலோ கல்லே அசையாது நிற்கும், 40 செ.மீ. அலைக்குப் பத்துக் கிலோ. மூன்று மீட்டர் கடலலைக்குச் சுமார் நான்கு டன். அவ்வளவு பெரிய கல் கிடைக்காத இடத்தில்தான் நான்கு கால் கொண்ட கான்கிரீட் வார்ப்புகளை ஒன்றோடொன்று பின்னிப் போடுகிறார்கள். இந்த எட்டு மடங்குக் கணக்கு குளத்துக்கும் உதவும்.

கன்னியாகுமரிப் பக்கம் மணல் கறுப்பாக இருப்பது அழுக்கா?

இல்லை, அலை புடைத்தெடுத்தது. சாதாரண வெண்மணலின் ஒப்படர்த்தி (தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்ற எண்) 2.65, கறுப்பான இல்மனைட் 4.7 அளவு, செந்நிறக் கார்னெட் 4 அளவு. அலை மேலேற்றிய மணலில் லேசானதைத் திரும்பும் நீர் அள்ளிக்கொண்டு போக, கனமானது தங்கிவிடுகிறது. முறத்தில் நொய்யும் அரிசியும் பிரிவது போல. மணவாளக்குறிச்சிக் கரையில் இது பாளம் பாளமாகப் படிந்திருக்கிறது.

எங்கள் குளத்தில் ஆடி மாதம் கிழக்குக் கரை மட்டும் சரிகிறது. ஏன்?

மூன்று காரணங்கள் ஒரே நேரத்தில் சேர்கின்றன. கோவைப் பக்கம் நிலம் கிழக்கே சரிவதால் பெரும்பாலான குளங்களின் மண்கரை கிழக்கில் இருக்கிறது. ஆனி முதல் ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று மேற்கிலிருந்து அந்தக் கரையை நோக்கியே அடிக்கிறது. வெள்ளியங்கிரியில் பெய்யும் மழையால் நொய்யல் குளங்களுக்கு அப்போதுதான் தண்ணீரும் வருகிறது. நிறைந்த குளம், எதிர்க்காற்று, மண்கரை.

கணக்குப் போடுவோம். மணிக்கு 36 கி.மீ. காற்று, ஒரு கி.மீ. அகலக் குளம் என்றால் கரைக்கு வரும் அலை சுமார் 20 செ.மீ. உயரம், ஒன்றரை நொடிக்கு ஒன்று. நாளொன்றுக்கு ஐம்பதாயிரம் அடிக்கு மேல். காற்றோடு தூரம் நான்கு கி.மீ. ஆனால் அலை 40 செ.மீ. ஆகும். பவானிசாகரின் சுமார் 8 கி.மீ. நீள மண் அணைக்கு உட்சரிவு முழுக்கக் கல் போர்த்தியிருப்பது இதற்காக.

அலை மண்கரையில் செய்வது கடல் பாறையில் செய்வதையே. நீர்மட்டத்தில் கிடையாக ஒரு குடைவு, மேல்மண் சரிவு, மறுபடி குடைவு. தண்ணீர் இறங்க இறங்க ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு படி வெட்டும். கோடையில் அணை ஓரங்களில் படிப்படியாகத் தெரியும் கோடுகள் இவைதான். ஒரே மட்டத்தில் தண்ணீர் நீண்டநாள் நின்றால்தான் குடைவு ஆழமாகும். ஆகவே உபரிநீர் வழியும் கலிங்கு மட்டத்தை ஒட்டிய ஓரடி மேலும் ஓரடி கீழும்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம்.

கரைக்குக் கல் பதிப்பது எப்படி? பதித்த கல் ஏன் இறங்கிவிடுகிறது?

குளத்துக்கரையில் கல் கனம் போதாமல் போவது அபூர்வம். மேலே சொன்ன கணக்குப்படி கையால் தூக்கும் கல்லே போதும். தோற்பது பெரும்பாலும் அடியில் வடிகட்டி இல்லாததாலும், கால்பகுதியில் பிடிப்பு இல்லாததாலும்.

முதலில் குளம் வற்றிய மாதத்தில் உட்சரிவை இரண்டுக்கு ஒன்றாகச் சீர்செய்யுங்கள். அதாவது ஓரடி உயரத்துக்கு இரண்டடி படுகை. குடைந்த இடங்களில் புது மண்ணை அப்படியே கொட்டி அப்பினால் ஒட்டாது. பழைய சரிவைப் படிபோல வெட்டி, 15 செ.மீ. அடுக்காக ஈரம் காட்டித் திமிசு போட வேண்டும். சீமைக்கருவேலம் முளைத்திருந்தால் வேரோடு எடுத்துக் குழியை இறுக்கி நிரப்புங்கள். வேர் அழுகிய வழியில்தான் பின்னாளில் ஓரம்பு (கரை வழியே நீர்க்கசிவு) எடுக்கும்.

சரிவின் அடியில் அரை மீட்டருக்குக் குறையாமல் வாய்க்கால் போலத் தோண்டிப் பெரிய கற்களை இருத்துங்கள். மேலே உள்ள அத்தனை கல்லும் இதன்மேல்தான் சாய்ந்து நிற்கும்; இது நழுவினால் மேலிருந்து முழு வரிசையும் இறங்கும். பிறகு 10 செ.மீ. பருமணல், அதன்மேல் 15 செ.மீ. ஜல்லி. அதன்மேல் 30 செ.மீ. கனத்துக்குக் கற்களைத் தட்டையாகப் படுக்க வைக்காமல், நீளவாக்கில் சரிவுக்குச் செங்குத்தாக நட்டு, இடைவெளியில் சிறு கல்லைச் செருகி இறுக்குங்கள். நிறைமட்டத்துக்கு மேல் அரை மீட்டராவது ஏற வேண்டும், ஏனென்றால் கல் சரிவில் அலை தன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு வரை ஏறும். வழவழப்பான சிமெண்ட் சரிவில் மூன்று மடங்கு ஏறும்.

மூன்று மீட்டர் உயரக் கரைக்கு 100 மீட்டர் நீளத்துக்கு எவ்வளவு வேண்டும்? சரிவின் நீளம் 6.7 மீட்டர். கல் சுமார் 71 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), ஜல்லி 35 யூனிட், மணல் 24 யூனிட். கால்வரிசைக்கான கல் தனி.

ஜல்லி அடுக்கை மிச்சம் பிடிப்பதுதான் நாங்கள் அதிகம் காணும் தவறு. அலை பின்வாங்கும் ஒவ்வொரு தடவையும் கல் இடுக்கு வழியே மண்ணை உறிஞ்சும். இரண்டு ஆடி கழிந்ததும் கல்லுக்கு அடியில் பொந்து. மூன்றாவது ஆடியில் கல் உள்ளே உட்காரும். அடுத்த தவறு, அழகுக்காக இடுக்குகளைச் சிமெண்ட் பூசி அடைப்பது. குளத்தில் தண்ணீர் வேகமாக இறங்கும்போது கரைக்குள் ஊறிய நீர் வெளியேற வழியில்லாமல் பூச்சைப் பின்னாலிருந்து தள்ளி வெடிக்க வைக்கும். பூசித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு மீட்டருக்கு ஒன்றாக வடிகுழாய் விட்டு, உள்வாயில் ஜல்லி நிரப்புங்கள்.

கல் போட வசதி இல்லை. வேறு வழி?

அலை 20 செ.மீ.க்குள் இருக்கும் குளத்தில் செடிகளே பாதி வேலையைச் செய்யும். கரையை ஒட்டிய ஆழமில்லாத நீரில் சம்பு, கோரை நான்கைந்து மீட்டர் அகலத்துக்கு இருந்தால் அலை அதற்குள்ளேயே தளர்ந்துவிடும். தூர்வாரும்போது கரையோரம் வரை வழித்தெடுத்துவிடாதீர்கள். அந்த ஆழமில்லாத விளிம்புதான் அலையைத் தூரத்திலேயே உடைப்பது. ஓரத்திலேயே ஆழமாகத் தோண்டினால் அலை முழு உயரத்தோடு கரையின் முகத்தில் வந்து உடையும். நீர்மட்டத்துக்கு மேலே வெட்டிவேர் நாற்றை 10, 15 செ.மீ. இடைவெளியில் கரையோடு இணையாக வரிசையாக நடலாம். ஒரு மழைக்காலம் வேர் பிடிக்க விட்டால்தான் பலன்.

முப்பது மீட்டர்ப் பண்ணைக்குட்டையில் அலை மூன்று, நான்கு செ.மீ.க்கு மேல் வராது. அங்கே கரை சரிந்தால் அலையைக் குறை சொல்லாதீர்கள். சரிவு செங்குத்தாக வெட்டப்பட்டிருக்கும், அல்லது மழைநீர் மேலிருந்து கரை வழியே இறங்கியிருக்கும்.

வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்ட வழி உண்டா?

சித்தாள் சிமெண்ட் கலக்கும் நீளத் தட்டு ஒன்று போதும். ஒரு பக்கம் கழுவிய மணலை 8 செ.மீ. உயரத்துக்குக் குவித்துச் சரிவாக்குங்கள். மறுபக்கம் 4 செ.மீ. தண்ணீர். தட்டின் அகலத்துக்குச் சற்றுக் குறைந்த பலகையைத் தண்ணீரில் நிறுத்தி, நொடிக்கு ஒரு முறை இரண்டு செ.மீ. மட்டும் முன்னும் பின்னும் அசையுங்கள். பத்து நிமிடத்தில் செங்குத்து வெட்டும், நீருக்கடியில் திட்டும் தெரியும். பிறகு பலகையைச் சாய்த்து அலையைக் கோணலாக அனுப்புங்கள். மணலின் நடுவே ஒரு ஓட்டுத் துண்டைக் குத்தி வையுங்கள். ஒரு பக்கம் மணல் சேர, மறுபக்கம் குறையும். சென்னைத் துறைமுகம் தட்டுக்குள் வந்துவிட்டது.

வழக்கமாகக் கெடுவது இரண்டு: பலகையை வேகமாக ஆட்டினால் அலை எதிர்ச்சுவரில் மோதிக் கலங்கிவிடும், கழுவாத மணலானால் தண்ணீர் சேறாகி ஒன்றும் தெரியாது. எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) துகள் கூர்முனையோடு இருப்பதால் ஆற்று மணலைவிடச் செங்குத்தாக நிற்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

கரை எவ்வளவு பின்வாங்குகிறது என்று நாமே அளக்கலாமா?

அளக்கலாம், அளக்கவும் வேண்டும். கரையின் வெளிப்புறம், அலை எட்டாத இடத்தில் 50 மீட்டருக்கு ஒரு கல் நட்டு எண் எழுதுங்கள். ஒவ்வொரு கல்லிலிருந்தும் உட்சரிவின் மேல்விளிம்பு வரை கரைக்குக் குறுக்காக நாடா பிடித்து அளந்து நோட்டில் எழுதுங்கள். ஆனி தொடக்கத்தில் ஒரு முறை, புரட்டாசியில் ஒரு முறை. அதோடு அன்றைய நீர்மட்டத்தை மதகின் அளவுகோலில் பார்த்து எழுதுங்கள்; அது இல்லாத அளவு பாதி பயன்தான். ஒவ்வொரு தடவையும் அதே கல்லில் நின்று அதே திசையில் ஒரு படமும் எடுங்கள். எந்தக் கல்லுக்கு நேரே ஒரே ஆண்டில் 30 செ.மீ.க்கு மேல் குறைகிறதோ, கல் பதிப்பை அங்கேயிருந்து தொடங்குங்கள்.